'இன்னிக்கு மட்டும் மாத்திரை வேணாம்' கோஷ்டிக்கு...

"சரக்கு போட்டாலே ரத்தம் தண்ணியாயிடும் மாப்ளே. அதுக்கு மேல எதுக்கு மாத்திரை? பார்ட்டி அன்னிக்கு நான் மாத்திரையை விட்டுருவேன்."

இதை என்னிடம் சொன்னவர் ஒரே ஆள் இல்லை. ராய்ப்பூரில் ஒருத்தர், நாக்பூரில் ரெண்டு பேர், இங்கே மும்பைக்கு மாற்றலாகி வந்தபிறகு கணக்கு வைப்பதையே விட்டுவிட்டேன். படிக்காதவர்கள் என்று நினைக்காதீர்கள். ஒருவர் இஞ்சினியர், ஒருவர் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். அக்கவுன்டன்ட் மாமாவுக்கே பற்று எது வரவு எது என்று தெரியவில்லை என்றால் நான் யாரிடம் போய் அழ?

இதைப் பேச எனக்கு என்ன அருகதை என்று கேட்பீர்கள். நான் டாக்டர் இல்லை, வெறும் பி.காம். ஆனால் பன்னிரண்டு வருஷமாக பிளட் தின்னர் தின்று கொண்டிருப்பவன். சின்ன வயதில் விருதுநகரில் இருந்தபோது வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. 2014ல் அதை எடுத்துவிட்டு சித்ரா வால்வு வைத்தார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் இன்ஸ்டிட்யூட்டில் நம் ஆட்களே வடிவமைத்து 1990ல் முதன்முதலாக மனிதருக்கு வைத்த வால்வு. ராத்திரி அமைதியாக இருந்தால் 'டிக் டிக்' சத்தம் என் வீட்டம்மாவுக்குக் கேட்கும். அது கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வருகிறதாம்.

இரும்பு வால்வு வைத்தவனுக்கு ஆயுசுக்கும் மாத்திரை. எனக்கு அசிட்ரோம். சிலருக்கு வார்ஃபரின். இதயத்துடிப்பு தாறுமாறாக அடிப்பவர்கள் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள்), காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போனவர்கள் என்று இந்தக் கோஷ்டி பெரியது. அவர்களில் பலர் இப்போது ரிவராக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரான் என்று புதுசுகளுக்கு மாறிவிட்டார்கள். எங்களைப் போன்ற இரும்பு வால்வு ஜாதிக்கு அதெல்லாம் கிடையாது. பழைய மாத்திரைதான், மாதாமாதம் விரலை நீட்டி ஐ.என்.ஆர். பார்ப்பதுதான். ஒன்று என்பது சாதாரண ஆளின் அளவு. எனக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்கணும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், மூளைக்கும் போகும். கூடினால் எங்காவது ரத்தம் கசியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் அந்த 'தண்ணியாயிடும்' சமாச்சாரம். இந்த மாத்திரை ரத்தத்தில் தண்ணி கலப்பதில்லை. வார்ஃபரினும் அசிட்ரோமும் செய்வது ஒரே வேலை: கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத் தயாரிக்கும் உறைபொருட்களின் உற்பத்தியைக் குறைப்பது. புது மாத்திரைகள் அந்த உறைபொருட்களில் ஏதாவது ஒன்றை நேரடியாகப் பிடித்துக் கட்டிப்போடும். சாராயம் இந்த இரண்டு வேலையையுமே செய்யாது. ஆகவே ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்பது, வீட்டுக்கடன் தவணைக்குப் பதிலாக கிளை மேலாளருக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துவிட்டேன் என்பது மாதிரி. (கொடுத்தவர்கள் உண்டு. தவணை தவணைதான்.)

இப்போது மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்று கணக்கு போடுவோம். வார்ஃபரின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 40 மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு கல்லீரல் புதுசாக உறைபொருள் தயாரிக்கணும். ஆக சனிக்கிழமை ராத்திரி மாத்திரையை விட்டால் அன்றைக்கு ராத்திரி ஒரு மாற்றமும் இருக்காது. முழு மாத்திரை வேகத்தில்தான் ரத்தம் ஓடும், அந்த நிலையில்தான் அண்ணன் நாலாவது ரவுண்டு போவார். விட்டதன் பலன் திங்கள், செவ்வாயில் வரும். அப்போது சரக்கு இறங்கி, தலைவலி போய், ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது பாதுகாப்பு குறைந்து கிடப்பார். ஆபத்தான ராத்திரியில் மாத்திரை உள்ளே, மாத்திரை தேவைப்படும் நாளில் அது வெளியே. இரண்டு பக்கமும் நஷ்டம் வருகிற மாதிரி ஒரு திட்டம் போடணும் என்றால் இதைவிடச் சிறப்பாக யாராலும் போட முடியாது. அசிட்ரோம் இன்னும் சீக்கிரம் இறங்கிவிடும். புது மாத்திரைகள் பாதி நாளிலேயே பாதியாகும், ஒரு நாள் விட்டால் அன்றைய பாதுகாப்பு போச்சு. அதிலும் ரிவராக்சபான் 15, 20 மில்லிகிராம் எல்லாம் சாப்பாட்டோடு போட வேண்டியது. சைட் டிஷ்ஷை மட்டும் கொறித்துவிட்டு வெறும் வயிற்றில் போட்டால் கணிசமான பகுதி உள்ளேயே போகாது. இது புரியாமல் மறுநாள் காலையில் 'நேத்து விட்டதுக்கும் சேத்து' இரண்டாகப் போடும் புத்திசாலிகளும் உண்டு. கும்பிடு போட்டுக் கேட்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள்.

அடுத்த கோஷ்டி, 'ஒரு பெக் இதயத்துக்கு நல்லது' கோஷ்டி. மும்பையில் இவர்களுக்கு அரசாங்கமே கொஞ்சம் துணை நிற்கிறது. இங்கே சட்டப்படி குடிக்க பெர்மிட் வேண்டும், 1949ல் வந்த மதுவிலக்குச் சட்டம். அந்த பெர்மிட்டில் என்ன காரணம் போட்டிருக்கும் தெரியுமா? உடல்நலத்தைப் பேணுவதற்காகவாம்! இதை ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

தினம் கொஞ்சம் குடிப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பழைய ஆய்வுகள் சொன்னது உண்மைதான். ஆனால் அவற்றில் 'குடிக்காதவர்' வரிசையில் ஏற்கெனவே உடம்பு கெட்டுப்போய் டாக்டர் சொல்லி நிறுத்தியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நோயாளியோடு ஒப்பிட்டால் குடிக்கிறவன் ஆரோக்கியமாகத்தானே தெரிவான்! 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் 'பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை' என்றே சொல்லிவிட்டது. துடிப்பு தாறுமாறாக அடிப்பவர்களுக்கோ விஷயம் இன்னும் நேரடியானது. குடியே அந்தத் துடிப்பைக் கிளப்பிவிடும். 2020ல் வெளியான ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில், வழக்கமாகக் குடிக்கும் 140 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைக் குடியை விடச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் பழையபடி குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்குத் துடிப்பு மறுபடி கெட்டது, விட்டவர்களில் 53 சதவீதம். எந்த வியாதிக்காக பிளட் தின்னர் சாப்பிடுகிறாரோ அதே வியாதிக்குத் தீனியும் போட்டுக்கொண்டு, கேட்டால் 'ஹார்ட்டுக்கு நல்லது'!

இவ்வளவு சொன்னதால் என்னை மதுவிலக்குப் பிரசாரகர் ஆக்கிவிடாதீர்கள். வருஷக் கணக்கு முடிந்து ஏப்ரலில் கிளையில் விருந்து வைப்பார்கள். அன்றைக்கு ஒரு ஸ்மால், 30 மில்லி, சோடா ஊற்றி நானும் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சரி என்று சொன்ன அளவு. என் ஆட்சேபணை ஒரு கிளாஸ் மேல் இல்லை. பொய் மேல்தான்.

டாக்டர் கேட்கும் அந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் மனைவி, பின்னால் மாமியார், கதவைப் பிடித்தபடி அடுத்த பேஷன்ட். "ட்ரிங்க்ஸ்?" நம் ஆள் உடனே "கபீ கபீ சார்" என்பார். இந்தியில் வேறெதுவும் வராத தமிழனுக்கும் இந்த 'கபீ கபீ' மட்டும் சுத்தமாக வரும். டாக்டரும் எப்போதாவது என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். முடிந்தது. தினமும் ஒரு குவார்ட்டர் என்பது கேஸ் ஷீட்டில் 'எப்போதாவது' ஆகிவிட்டது. கடன் விண்ணப்பத்தில் இப்படி எழுதினால் அதற்குப் பெயர் வேறு.

டாக்டர்களையும் சும்மா விடுவதாக இல்லை. எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று நான் முதன்முதலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டபோது, இளம் டாக்டர் ஒருவர் "ஏன் சார் குடிக்கணும்?" என்று திருப்பிக் கேட்டார். நான் கேட்டது மில்லி கணக்கு, அவர் கொடுத்தது நீதிபோதனை. அப்படிப் பேசினால் அடுத்த முறை எவன் உண்மையைச் சொல்வான்? பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை இதைத் தெளிவாகவே சொல்கிறது: வார்ஃபரின் சாப்பிடுகிறவர் வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டக்கூடாது, அதையும் ஒரே நாளில் கொட்டிக்கொள்ளாமல் பல நாளாகப் பிரிக்கணும், போதை ஏறும்வரை குடிக்கவே கூடாது.

14 யூனிட் என்றதும் சந்தோஷப்பட வேண்டாம். ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால். நம்மூர் விஸ்கி, பிராந்தி 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி ஆல்கஹால், அதாவது 7.7 யூனிட். இரண்டு குவார்ட்டர் 15.4. ஆக வாரம் முழுவதற்குமான உச்சவரம்பு இரண்டு குவார்ட்டருக்கும் குறைவு! 650 மில்லி ஸ்ட்ராங் பீர் எட்டு சதவீதம் என்றால் அதில் மட்டும் 5.2. "பீர்தானே" என்பவர்கள் இதை ஒரு முறை எழுதிப் பார்க்கவும். இதெல்லாம் உச்சவரம்பு, இலக்கு அல்ல. கல்லீரல் கெட்டவர், வயிற்றுப்புண் உள்ளவர், ஏற்கெனவே ஒரு முறை ரத்தம் கசிந்தவர், இவர்களுக்கு வரம்பு பூஜ்யம்தான். நமக்கு எது என்று தெரிய வேண்டுமானால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லணும். மறுபடி அங்கேயேதான் வந்து நிற்கிறோம்.

ஏன் உண்மை முக்கியம்? எப்போதாவது ஒரு நாள் மொத்தமாகக் குடிப்பவனுக்கு ஐ.என்.ஆர். ஏறும். மாத்திரையை அழிக்க வேண்டிய கல்லீரல் சாராயத்தைக் கவனிக்கப் போய்விடுவதால் மாத்திரை உள்ளேயே தங்கும். தினமும் நிறையக் குடிப்பவனுக்கு நேர் எதிர்: கல்லீரல் பழகிப்போய் மாத்திரையை வேகமாகச் செலவழிக்கும், ஐ.என்.ஆர். இறங்கும். டாக்டருக்குக் காரணம் தெரியாது, 'கபீ கபீ'தானே! டோஸை ஏற்றுவார். கடைசியில் கல்லீரலே சுருங்கினால் உறைபொருள் தயாரிப்பே படுத்து, ஐ.என்.ஆர். மறுபடி ஏறும்.

இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. கார்த்திகையில் மாலை போடுவது. பத்து மாதம் தினமும் குடித்தவர், குடிக்கு ஏற்றபடி டோஸ் ஏற்றப்பட்டவர், ஒரே நாளில் நிறுத்துகிறார். சாப்பாடும் மாறுகிறது. சில வாரத்தில் கல்லீரல் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும், மாத்திரை மட்டும் குடிகாரக் கணக்கிலேயே போய்க்கொண்டிருக்கும். ஐ.என்.ஆர். எங்கே போய் நிற்கும் என்று ஐயப்பனுக்குத்தான் தெரியும். மாலை போடுங்கள், வேண்டாம் என்று நான் யார் சொல்ல? போடுவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள், விரதத்தின் நடுவில் வாரம் ஒரு முறை ஐ.என்.ஆர். பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும் என்பது தனிக்கதை. அதற்கும் டாக்டர் உதவி வேண்டும்.

காலைத் தலைவலி வைத்தியம் இன்னொரு கொடுமை. டிஸ்ப்ரின், டைக்ளோஃபெனாக், புரூஃபென் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள். சாராயத்தில் வெந்துபோன வயிறு, அதற்கு மேல் இந்த மாத்திரைகள், அதற்கும் மேல் பிளட் தின்னர். வயிறு சரியில்லை என்று மெட்ரோனிடசோல் போடுவது அதைவிட மோசம். அது அசிட்ரோம், வார்ஃபரின் இரண்டையும் உடம்பை விட்டுப் போகவிடாமல் தடுத்து ஐ.என்.ஆரை எகிற வைக்கும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் 'நேத்து மட்டன் ஒத்துக்கல' என்று சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். அது ரத்தம்.

இதுவரை சொன்னது எல்லாம் ஆய்வுக்கூடத்தில் தெரியும் விஷயம். எனக்கு நிஜமாகவே கோபம் வருவது வேறொன்றில்.

எங்கள் பக்கத்தில் ஒரு அண்ணாச்சி இருந்தார். பெயர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம், இங்கே வந்து இருபத்தைந்து வருஷம், ஐம்பத்திரண்டு வயது. துடிப்புக் கோளாறுக்கு மாத்திரை. "தம்பி, நீயும் நானும் ஒரே மாத்திரைக் கட்சிடே" என்பார். 2019 பொங்கல் சமயம், நண்பர்களோடு உட்கார்ந்துவிட்டு வரும்போது கட்டிடத்து மாடிப்படியில் வழுக்கிப் பின்மண்டை இடித்தது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எழுந்து சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து இரண்டு முறை வாந்தி. பேச்சு குழறியிருக்கிறது. மகன் "குடிச்சா இப்படித்தான், தூங்கட்டும்" என்றிருக்கிறான். ராத்திரி முழுக்க பெரிய குறட்டை. அண்ணி அதைக் கேட்டுவிட்டு நல்லா தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். காலையில் எழுப்பினால் எழவில்லை. ஸ்கேனில் மண்டைக்குள் ரத்தம். பதினோரு நாள் இருந்தார்.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. வாந்தி, குழறல், தள்ளாட்டம், தூக்கம். குடித்தவனுக்கும் இதுதான், மண்டைக்குள் ரத்தம் கசிகிறவனுக்கும் இதுதான். பக்கவாதம் வந்தவனுக்கும் குழறும். வெளியிலிருந்து பார்த்துப் பிரித்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஸ்கேன்தான் சொல்லும். பிளட் தின்னர் சாப்பிடுகிறவர் தலையில் இடித்துக்கொண்டால், குடித்திருந்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, உடனே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்பது கிடையாது. கசிவு மெதுவாக இருந்தால் அறிகுறி தெரிய நாட்கள், வாரங்கள்கூட ஆகும். ஆகவே இடித்து ஒரு வாரம் கழித்து வரும் தலைவலியும் குழப்பமும்கூட கணக்கில் சேரும். ஆஸ்பத்திரி வாசலில் முதல் வாக்கியமே "பிளட் தின்னர் சாப்பிடறார், தலையில அடி" என்று இருக்கணும். எந்த மாத்திரை, கடைசியாக எத்தனை மணிக்கு என்று தெரிந்தால்தான் அதற்கேற்ற மாற்று மருந்து கொடுக்க முடியும்.

அண்ணி பிறகு என் வீட்டம்மாவிடம் சொன்னது: "ராத்திரி ஆம்புலன்ஸ் வந்தா நாலு மாடியும் எட்டிப் பார்க்கும், குடிச்சுட்டு விழுந்தான்னு பேசும், அதான் யோசிச்சேன்." வேற்றூரில் பிழைக்க வந்து மானத்தோடு வாழ்கிறோம் என்று காட்டிக்கொள்வதற்காக நம் பெண்கள் எத்தனை சுமக்கிறார்கள் பாருங்கள். ஊரில் என்றால் சித்தப்பா ஒருவர் வந்து கதவைத் தட்டியிருப்பார். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதே பெயர்ப்பலகையில் பார்த்துத்தான் தெரியும். சங்கத்தில் பொங்கல் விழா, நவராத்திரி, பட்டிமன்றம் எல்லாம் நடத்துகிறோம். 'இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடலாம்' என்று ஒரு பட்டியல் போட ஏன் நமக்குத் தோன்றவில்லை?

பணக்காரணம் ஒன்றும் உண்டு, அது என் துறைக்குப் பக்கத்தில் வருவதால் சொல்கிறேன். 'குடிப்பேன்னு சொன்னா இன்சூரன்ஸ் கிளெய்ம் போயிடும்' என்ற பயம். குடிப்பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் பாலிசியில் விலக்கப்படலாம் என்பது உண்மைதான், 2020ல் இருந்து எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வாசகம். விண்ணப்பத்தில் மறைத்தால் பின்னால் தகராறு வரும் என்பதும் உண்மை. அதனால்தான் பாலிசி எடுக்கும்போதே உள்ளதை எழுதுங்கள் என்கிறேன். பிரீமியம் கூடினால் கூடட்டும். ஆனால் கிளெய்முக்காக டாக்டரிடம் பொய் சொல்வது என்ன வியாபாரம்? மறுக்கப்பட்ட கிளெய்முக்கு இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம்கூட இல்லை. தப்பான டோஸுக்கு மேல்முறையீடு எங்கே?

ஊருக்குப் போகும் சீசன் வருகிறது. கல்யாணம், கொடை, கிடாவெட்டு. பழைய சேக்காளிகள் டாஸ்மாக்கில் இருந்து பையோடு வருவார்கள், "பம்பாய்க்காரனுக்கு ஊத்துடா" என்பார்கள். மாத்திரை டப்பா ரயிலில் பெட்டியின் அடியில் இருக்கும். ஐ.என்.ஆர். தேதி தாண்டியிருக்கும். மாத்திரையை கைப்பையில் வையுங்கள், கிளம்பும் முன் ஒரு முறை ரத்தம் பாருங்கள், மாத்திரை பெயரும் டோஸும் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். ஊத்துகிறவரிடம் "டாக்டர் வேண்டாம்னார்" என்று சொன்னால் "டாக்டர் கெடக்கான்" என்பார். "மண்டையில இடிச்சா நீதான் ராத்திரியில மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள், பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைப்பார். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன் :-)

பி.கு: இதைப் படித்துவிட்டு யாரும் தானாக டோஸை ஏற்றவோ இறக்கவோ நிறுத்தவோ வேண்டாம். அதற்கு டாக்டர் இருக்கிறார். அந்த 'கபீ கபீ'யை மட்டும் அடுத்த முறை மில்லியில் சொல்லுங்கள். மாமியார் முன்னால் சொல்ல முடியாதென்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபைலுக்குள் வைத்து நீட்டுங்கள்.